காலில் குத்திய குண்டூசி

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான், அப்பா, தையல் மிஷின் மூவரும் நலம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் சந்தோஷ சமாச்சாரம், செவ்வாய்க்கிழமை என் காலில் குண்டூசி குத்திவிட்டது. முறைக்காதே, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சர்க்கரை நரம்பைக் கெடுத்து, இரண்டு வருஷமாக எனக்கு உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. ஊசி ஏறினாலும் தெரியாதே என்று, நம் தையல் கடையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்குகிற காந்தத்தை அப்பா தினமும் சாயங்காலம் என் பாதத்தில் ஓட்டிப் பார்ப்பார். நாலு மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார்கள். மிஷினை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், அந்தப் பயத்தில் நர்ஸின் வளையல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெரிகிறது தெரிகிறது என்று புளுகினேன். அவளா விடுவாள், வளையலைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டாள், வசமாக மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை, ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றனவாம், அதில் நல்லவை குறைந்து வேண்டாதவை பெருகினால் அந்தக் கோளாறு ரத்தம் வழியாகக் கால் நரம்பு வரை போய்ப் படுத்தலாமாம். வயிற்றில் இருப்பவர்களுக்கும் என் காலுக்கும் என்ன பகை என்றேன், அதைத்தான் நாங்களும் தேடுகிறோம் என்றார். நாலு மாதமாக மருந்தோடு கீரையும் பயறுமாகத் தின்கிறேன், உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று உன் அப்பா தினமும் என் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறார். அப்படி இருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை செருப்பைக் கழற்றிய நேரம் காலில் சுருக்கென்றது. நான் போட்ட கூச்சலில் அப்பா காந்தத்தோடு ஓடி வந்தார், ரத்தத்தைப் பார்த்து அவர் பதற, நானோ "வலிக்குதுங்க, நிஜமாவே வலிக்குதுங்க" என்று பைத்தியம் மாதிரி சிரிக்கிறேன்.

கிருமிகளை இப்போதே பாராட்ட வேண்டாம், சர்க்கரை குறைந்ததாலும் இருக்கலாம், திரும்பியது காசளவு இடம்தான், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடப்பதும் காந்தமும் தொடரட்டும் என்றார் டாக்டர். தொடர்கிறது. ஆனால் இப்போது அந்த இடத்தைத் தொட்டால் கூசுகிறது, நேற்று அப்பாவை உதைத்தே விட்டேன். இரண்டு வருஷமாக என் காலைத் தினமும் ஏந்திய கை அத்தனை சூடு என்று இப்போதுதான் தெரிந்தது.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இரு. உனக்கும் சர்க்கரை பார்த்து எழுது, என்னைப் போல மறைக்காதே.

குத்தினால் வலிக்கிற,
உன் அம்மா