அத்தை சாப்பிட்ட பூன் தாங்

ஹனோய்,
அத்தையின் திவசத்துக்கு மறுநாள்.

சைகோனில் சொகுசாக வாழும் வின் அவர்களுக்கு, சட்டப்படி இன்னமும் உங்கள் மனைவியாக இருக்கும் மியென் எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க அங்கே ஒருத்தி இருக்கிறாள், அதனால் நான் கேட்கவில்லை.

நேற்று உங்கள் அக்கா லுவா வந்திருந்தார். ஒரே மகன் நீங்கள்தானாம். அதனால் அத்தை குடியிருக்கும் ஊதுபத்திக் கிண்ணம் இனி உங்கள் புது வீட்டுப் படையல் மேடையில்தான் இருக்க வேண்டுமாம். அத்தை படுக்கையில் கிடந்தபோது நீங்கள் யார் வீட்டு மகனாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "பழசக் கிளறாத மியென். அம்மாகிட்டயே கேட்டுருவோம், காசு போட்டுப் பாப்போம்" என்றார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். ஒரு காசு பூவும் ஒரு காசு தலையுமாக விழுந்தால் அத்தைக்குச் சம்மதம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் இல்லை. அத்தை என்னை விட்டுப் போகவே மாட்டார் என்று எனக்கு அவ்வளவு திமிர்.

தம்பி சார்பில் படையல் என்று அக்கா கடையில் வாங்கி வந்த பூன் தாங் கோழிச்சாற்றுச் சேவையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முட்டை ஊத்தப்பக் கனம். கோழி விறகுத் துண்டு. சாற்றில் சர்க்கரை வேறு. ஆறிப்போய், மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதைப் படைத்துவிட்டுக் காசு போட்டார். இரண்டும் பூ. மறுபடியும் போட்டார். இரண்டும் தலை. "அம்மாவுக்கு என் மேல என்ன கோவமோ" என்று மூக்கைச் சிந்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கழுநீர நாய்கூட மோந்து பாக்காது, எங்கத்தையா தொடுவாங்க?" என்றேன்.

அத்தோடு வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அத்தையின் முன்னால் அந்தக் கண்றாவி இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. எடுத்துக் கொட்டினேன். நான் செய்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொதிக்கக் கொதிக்கச் சாறு ஊற்றி வைத்தேன். அக்கா மூன்றாவது முறை போட்டார். ஒரு பூ, ஒரு தலை.

வயிறு எரிகிறது. என் கையால் தின்றுவிட்டு உங்களிடம் வருவதாக அத்தை சொல்லிவிட்டார். மகன் என்றால் எந்த உதவாக்கரையாக இருந்தாலும் சரிதான் போலிருக்கிறது.

வருகிற இடத்தில் அவர் பட்டினி கிடக்கக் கூடாது, அதற்காக எழுதுகிறேன். அந்தச் சைகோன்காரியிடம் படித்துக் காட்டுங்கள். கோழியை உலர்ந்த இறாலோடு சின்னத் தீயில், மூடி போடாமல் வேகவைக்க வேண்டும். நுரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நகத்துக்குச் சாயம் பூசப் போகக் கூடாது. சர்க்கரை டப்பாவை அன்று ஒளித்து வையுங்கள். முட்டையைக் காகிதமாக ஊற்றி எடுத்து நூல் நூலாக நறுக்கட்டும். அவித்த பன்றி இறைச்சிக் கட்டியையும் அப்படியே. கோழியைக் கையால் நாராகக் கிழிக்கட்டும். கிண்ணத்தை வெந்நீரில் அலசி, அரிசிச் சேவையைப் போட்டு, மேலே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடுக்க வேண்டும், குப்பை கொட்டுவதுபோல இல்லை. கொதிக்கிற சாற்றை ஓரமாக ஊற்ற வேண்டும். கடைசியில் துளி புளித்த இறால் விழுது. நாறுகிறது என்று அவள் மூக்கைப் பிடித்தால் அவளை வெளியே அனுப்பிவிட்டு நீங்களே போடுங்கள். பெற்றவளுக்கு இதையாவது செய்யுங்கள்.

ஊதுபத்திக் கிண்ணத்தை எடுக்க அக்காவை அனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள். உங்களோடு பேச மாட்டேன், பயப்படாதீர்கள். அத்தையிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே அடுத்த திவசத்தன்று எத்தனை முறை போட்டாலும் காசு ஒன்றுபோலவே விழுந்தால், அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். கொண்டுவந்து விட்டுவிடுங்கள். எந்நேரமானாலும் சரி, அடுப்பு மூட்டுகிறேன்.

அத்தையின் மருமகள்,
மியென்