கத்திக்கடை வாசலோடு திரும்பியவன்

திரு பெருகுக. நீலாறும் ஏழு ஏரிகளும் வற்றாது காக்கும் நாட்டின் தலைவியும், அருவிமலையில் கோடை அரசிருக்கை கொண்டவரும், வழக்கோடு வருபவரை நிற்கவைக்காமல் உட்காரவைத்துக் கேட்பவருமாகிய பெருமாட்டி முடிநங்கையார் திருவடிகளுக்கு, வெண்கோட்டை நகரத்து அங்காடிகளைக் கண்டு சொல்லும் பொறுப்பில் 'அரசியின் கண்' என்று தங்களால் பெயரிடப்பட்ட வேளாதன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. மலையில் மழை அளவாகப் பெய்க. தங்களை வாட்டும் இருமல் அடியோடு நீங்குக.

நகரம் நலம். அடியேன் நலமில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆடித் திங்களில் தாங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மேலை வீதியில் பூதங்கொற்றி என்னும் பெண் நடத்தும் கடையில் சவரக்கத்தி, நுரைத் தூரிகை, தீட்டுகல், நுரைக்கட்டி இவை மட்டுமே விற்கப்படுகின்றன. அது கைதேர்ந்த சிலருக்கே உதவுகிறது என்று ஒரு முறையீடு வந்திருந்தது. அரண்மனை நிலத்தில் இடம் பெற்ற கடை புதியவருக்கும் பயன்பட வேண்டும் என்பது தங்கள் பாட்டனார் வகுத்த முறை. ஆகவே, சொந்தக் கையால் சவரம் பழகத் தொடங்குபவன் அந்தக் கடைக்குப் போவதால் பயன் உண்டா என்று நேரில் பார்த்துச் சொல்லும்படி பணித்தீர்கள்.

பயன் இல்லை என்று எழுதினேன். பதினேழு வகைக் கத்திகளைப் பார்த்தே புதியவன் மிரண்டுவிடுவான் என்றும், மளிகைக் கடையில் கிடைக்கும் கத்தி அவனுக்குப் போதும் என்றும் எழுதினேன். தாங்கள் அதை நம்பி, வரும் பௌர்ணமிக்குள் கொற்றி கடையை ஒழித்துத் தர வேண்டும், அந்த இடம் பக்கத்துச் சாம்பிராணிக் கடையோடு சேரும் என்று ஆணையிட்டீர்கள்.

பெருமாட்டி, அடியேன் அந்தக் கடைக்குள் போகவே இல்லை.

வாசல் வரை போனேன். உள்ளே யானைப்படைக் கொம்பூதியான ஏறனும் குதிரைவீரர் இருவரும், நல்ல நுரை எழுப்புவது பன்றி மயிர்த் தூரிகையா ஆட்டு மயிர்த் தூரிகையா என்று எல்லைத் தகராறுபோல வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஏறன் என்னைக் கண்டு, தாங்கள் எந்தக் கல்லில் தீட்டுவது வழக்கம் என்று மரியாதையாகவே கேட்டார். எனக்கு வயது நாற்பத்திரண்டு. அரண்மனை நாவிதரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியே பழகியவன். கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அறியேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். சாம்பிராணி வாங்க வந்தேன், கடை தவறிவிட்டது என்றேன். அவர்கள் பக்கத்துக் கடையைக் காட்டினார்கள். சொன்ன பொய்க்காகச் சாம்பிராணியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, வாசலில் நின்றபடி எண்ணிய கத்திகளை வைத்து ஓலையை எழுதி முடித்தேன்.

இந்த வாரம் நாவிதர் மகள் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போனார். அவைக்கு முள் தாடியோடு போக இயலாது என்பதால், நான் தங்களுக்குப் பரிந்துரைத்தபடியே மளிகைக் கடைக் கத்தி ஒன்றை வாங்கினேன். மோவாயில் மூன்று இடத்தில் இரத்தம் வந்தது. துணியை அழுத்திப் பிடித்த என் மனைவி நல்லினி, அத்தனை நேரம் அந்தக் கடையை அலசி ஆராய்ந்து அரசிக்கே ஓலை எழுதிய மனிதருக்கு, அங்கே ஒரு நல்ல கத்தியை வாங்கிவரத் தோன்றவில்லையா என்று கேட்டாள். அவளும் என்னை நம்பியிருந்தாள்.

நேற்றுக் காலை அந்த வாசலைத் தாண்டினேன்.

கொற்றி பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூட்டையைக் கீழே வைத்தார். நான் யார் என்று கேட்கவில்லை. மோவாயைப் பார்த்து, மளிகைக் கடைக் கத்தி எங்கு போனாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறது என்றார். மூலையில் இருந்த ஏறன், வாங்கிய சாம்பிராணி தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். முகம் சுருங்கிய என்னிடம், தாமும் முதல் நாள் அந்த வாசலில் நின்று சாம்பிராணிதான் வாங்கியதாகவும், பக்கத்துக் கடைக்காரர் செழிப்பதே இந்த வாசலில் வெட்கப்படுபவர்களால்தான் என்றும் சொன்னார்.

தந்தப்பிடிக் கத்தி ஒன்றைக் காட்டிக் கேட்டேன். அது என்னை இன்னும் அழகாக வெட்டும், அவ்வளவுதான் என்று சொல்லி, கொற்றி மரப்பிடிக் கத்தி ஒன்றைக் கையில் தந்தார். அவர் தடுப்பதற்குள் கூர் பார்க்கிறேன் என்று வலக்கைப் பெருவிரலை அதன்மேல் இழுத்துவிட்டேன். முதல் நாள் எல்லாரும் செய்வதுதான் என்று படிகாரத்தை வைத்து அழுத்தினார். பிறகு கன்னத்தில் மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை என் விரலாலேயே தடவி அறியச் செய்தார். வெந்நீர்த் துணி வைத்து, தூரிகையால் நுரை எழுப்பக் கற்பித்து, ஒரு மாதம் கன்னத்தை மட்டும் நான் மழிக்க வேண்டும், மோவாயை நாவிதரிடம் விட்டுவிட வேண்டும் என்றார். வாசனை எண்ணெய் பூசலாமா என்று கேட்டதற்கு, இப்போது வேண்டாம் என்றார்.

கடையை ஏன் கட்டுகிறீர்கள் என்று, தெரிந்தே கேட்டேன். அரசியின் கண் என்னும் அதிகாரி வந்து பார்த்து, புதியவருக்குப் பயனில்லை என்று எழுதிவிட்டாராம். அவர் நேர்மையானவர் என்று ஊரில் சொல்கிறார்களாம். தாம் பின்கட்டில் வெந்நீர் வைத்திருந்த நேரம் பார்த்து வந்திருப்பார், கூப்பிட்டது காதில் விழுந்திருக்காது, வாசலில் ஆளில்லாமல் விட்டது தம் தவறுதான் என்றார்.

என் பொய்யை அந்த அம்மாள் தம் தவறாக எடுத்து வைத்துக்கொண்டார். அதை முகமெல்லாம் நுரையோடு கேட்டுவிட்டு, கத்திக்கு விலையைக் கொடுத்து வந்துவிட்டேன்.

தங்கள் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். பயன் உண்டு. தேர்ந்தவன் எங்கு வாங்கினாலும் சமாளிப்பான். புதியவனுக்கே அந்தக் கடை வேண்டும். இரண்டு முறை போனால் போதும், பிறகு நுரைக்கட்டியை எங்கும் வாங்கிக்கொள்ளலாம். வாதாடும் கூட்டம் வாசலை மறிப்பது உண்மையான குறை. அவர்களை உள்ளே தள்ளி உட்காரவைத்தால் அதுவும் தீரும்.

பௌர்ணமிக்கு மூன்று நாளே உள்ளன. இதைக் கொண்டுவரும் குதிரைவீரர் மலையேற ஒன்றரை நாள், இறங்க ஒன்றரை நாள். அவர் கையிலேயே ஆணையை மாற்றித் தந்தருள வேண்டுகிறேன். அந்த அதிகாரி நான்தான் என்பதை, ஓலையைக் கட்டிய கையோடு மேலை வீதிக்குப் போய்க் கொற்றியிடம் சொல்லப்போகிறேன். என்மேல் தாங்கள் இடும் தண்டனையை அங்காடி முற்றத்தில் பலர் கேட்க வாசிக்கச் செய்க.

ஆவணித் திங்கள் வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள், வெண்கோட்டையிலிருந்து வேளாதன் தன் கையால் எழுதியது. தங்கள் செங்கோல் நிமிர்ந்து நிற்க.

கண் முத்திரை மோதிரத்தைத் தனியே பட்டில் கட்டி அனுப்பியிருக்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன முத்திரை இன்னொரு முறை சான்று சொல்லலாகாது. எனவே அரக்கின்மேல் என் வலக்கைப் பெருவிரலைப் பதித்துள்ளேன். அதன் குறுக்கே ஓடும் கீறல் அரக்கின் பிசகன்று. நேற்று அந்தக் கடைக்குள் நான் இருந்ததற்கு என்னிடம் உள்ள ஒரே சான்று.