தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம்

ஐப்பசி 18, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்கக் கொடி. ஈர லுங்கிக்கு அடியில் குனிந்துதான் அடுக்களைக்குப் போக வேண்டியிருக்கிறது. இவர் ரிட்டயர் ஆனவர், சும்மாதானே இருக்கிறார், ஒரு துணியைத் திருப்பிப் போடலாம். மாட்டார்.

என் வளையல் கடையில் வியாபாரம் சுத்தம். ஒரு பிள்ளை வந்து ஹேர்பின் வாங்கிற்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். பொட்டு, வளையல் ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்துவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார்கள். அடுக்கி வைக்க ஒரு மணி நேரம்.

கோவையிலிருந்து மகள் சுபா போன். நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேனாம். அப்பா சொன்னாராம். தினம் ஒரு போட்டோ எடு, மழைக்காலம் எவ்வளவு அழகு, மனசு அடங்கும் என்கிறாள். மழை அழகாம். அவள் வீட்டில் ஒழுகவில்லை.

எடுத்தேன். கொடிக்கம்பியில் வரிசையாகத் தொங்கிய துளிகள். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

19, புதன்

மழை. பூ மார்க்கெட் வழியாகக் கடைக்கு. பிச்சிப்பூக் கூடைமேல் பாலிதீன் தாள், உள்ளே ஆவி பிடித்து, பூவெல்லாம் புகை மாதிரி. குனிந்து எடுத்தேன். "வாங்குத மாதிரி இருந்தா நில்லுங்கக்கா" என்றான் வியாபாரி. மனசு அடங்கின லட்சணம்.

சாயங்காலம் கரண்ட் இல்லை. வழக்கமான தலைவலி, வலது கண்ணுக்கு மேலே. மாடியில் கொடியை அவிழ்க்கப் போனேன். அப்போது கரண்ட் வந்து முக்கில் தெருவிளக்கு எரிந்தது. அதைச் சுற்றிப் பெரிய வளையம். வானவில்லை வட்டமாக வளைத்து மாட்டினது போல, அத்தனை நிறமும், உள்பக்கம் ஊதா, வெளிப்பக்கம் சிவப்பு. நனைந்துகொண்டே நின்றேன். இத்தனை வருஷம் இதே தெருவில் இருந்து எதைப் பார்த்தேனோ. வலி இருந்தது, ஆனாலும் ஒரு வாரத்து எரிச்சல் இறங்கிப்போனது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒரு படத்திலும் வளையம் இல்லை. வெறும் லைட்.

21, வெள்ளி

தூறல். இன்று: ரேஷன். அடுக்களை ஓட்டுமேல் விரிக்கத் தார்ப்பாய். தையல்கடையில் ரவிக்கை. போன் ரிப்பேர்.

ரேஷன் இல்லை, நாளைக்கு வரச் சொல்கிறார்கள். ரவிக்கை தைக்கவே இல்லை. போன் கடைத் தம்பி லென்ஸைத் துடைத்தான், எதையோ அமுக்கினான், "காமெரால ஒரு கோளாறும் இல்லக்கா" என்று திருப்பித் தந்தான். கோளாறு இல்லாமலா வளையம் விழவில்லை?

சு.விடம் போனில் சொன்னேன். கை ஆடுகிறதாம், மூன்று கால் ஸ்டாண்டு அனுப்புகிறாளாம்.

இருட்டினதும் மறுபடி வளையம். ராயகிரி பஸ் திரும்பியபோது இரண்டு முகப்பு விளக்குக்கும் இரண்டு வளையம், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. டிரைவருக்கு இது தெரியுமா? இதை மட்டும் ஒரே ஒரு படம் பிடித்துவிட்டால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன்.

24, திங்கள்

ஸ்டாண்டு வந்தது. ஒரு கால் நிற்காமல் மடங்குகிறது. செங்கல் முட்டுக் கொடுத்து எடுத்தேன். வளையம் இல்லை.

இவரை மாடிக்கு இழுத்துப் போனேன். கிரிக்கெட் பார்ப்பதை விட்டுவிட்டு வந்த கோபம் அவருக்கு.

"லைட்டு எரியுதுல்லா. அதுக்கென்ன?"

வளையத்தைப் பாருங்கள் என்றேன்.

"வளையம் எங்கன இருக்கு?"

விரலை நீட்டிக் காட்டினேன். இல்லை என்கிறார். இத்தனை பெரிசு தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறார், சுகர் வேறு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மழையில் பைக் ஓட்டுகிறாரே. கண் டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டாராம். அப்படியானால் சமையல் கிடையாது என்றேன். வருகிறார்.

26, புதன்

மழை. கண் ஆஸ்பத்திரி. பெஞ்சு முழுக்க ஈரக்குடை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கமே திரும்பவில்லை. டாக்டர் சின்னப் பெண், சு. வயசுகூட இருக்காது. நான்தான் எல்லாம் சொன்னேன்.

"இவுகளுக்கு லைட்டச் சுத்தி வளையம் தெரியமாட்டேங்கு டாக்டர். அவ்வளவு பெரிய வளையம், கலர் கலரா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுதாம்மா?"

இவர் எழுந்தார், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சாயங்காலம் தலை வலிக்குமா, இருட்டில் கூடுமா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். இவர் கண்ணில் ஒன்றுமில்லை, படிக்கக் கண்ணாடி போட்டால் போதும். எனக்குத்தான் கண்ணுக்குள் அழுத்தமாம், வலதில் ரொம்ப. திருநெல்வேலி போய் லேசர் வைக்க வேண்டும், தள்ளிப் போடக்கூடாது. விட்டால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது. வளையம் மழையில் இல்லை, என் கண்ணில்.

ஆட்டோவில் வீட்டுக்கு. இவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

28, வெள்ளி

திருநெல்வேலி. லேசர், இரண்டு கண்ணுக்கும். ஒரு சுருக், அவ்வளவுதான். காத்திருந்த நேரம்தான் சித்திரவதை. இவர் முறுக்கு வாங்கி வந்தார், நமுத்த முறுக்கு. இருந்தும் தின்றேன்.

கார்த்திகை 2, செவ்வாய்

மழை விடுவதாகக் காணோம். தலைவலி இல்லை. கண் சொட்டு மருந்தைக் காணோம் என்று வீட்டைப் புரட்டினேன், இவர் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். யார் சொன்னது? சு. காலையும் மாலையும் போன் பண்ணி அழுகிறாள், சமாதானம் சொல்வதும் நான்தான்.

இருட்டினதும் மாடிக்குப் போனேன். விளக்கு வெறும் விளக்கு. என் போட்டோக்களில் இருந்ததே, அப்படியே. கண் தப்பியதற்குச் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனாலும் துக்கமாக இருந்தது. நோயைப் போய் அழகு என்று யாரிடம் சொல்ல? அழகாகத்தான் இருந்தது. கையில் ஒரு படம் இல்லை, கூட ஒரு ஆள் பார்க்கவில்லை.

இவர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். கூப்பிடவில்லை, தானாக வந்தார். கண்ணைச் சுருக்கி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, எனக்கும் லேசா வளையம் தெரியுத மாதிரி இருக்கு."

இவருக்குமா அழுத்தம்? உள்பக்கம் என்ன நிறம், சொல்லுங்கள் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்சை" என்றார்.

நல்லவேளை, தப்பு.