ரிப்போர்ட்டில் உள்ள அந்த எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஆய்வகத்தில் ஒரு கூத்து. முடி போன்ற இதயத்தசை இழை ஒன்றைக் கொக்கியில் மாட்டியிருந்தேன். கால்சியம் பட்டதும் ட்ரோபோனின் என்ற புரதம் வழிவிடும், தசை சுருங்கும். கால்சியத்தைக் கழுவினால் தளர வேண்டும். தளராமல் விறைத்து நின்றது. கழுவும் கரைசலில் தசைக்குச் சக்தி தரும் ஏடிபியைச் சேர்க்க மறந்திருக்கிறேன்!

"சுருங்க மட்டும் இல்லம்மா, தளர்றதுக்கும் தெம்பு வேணும்" என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தசை வந்த குப்பியில் பெயர் இல்லை, 'ஆண், 64' என்று மட்டும் இருந்தது. உங்கள் வயது.

இதயத்தசை அடிபட்டால் அதே ட்ரோபோனின்தான் ரத்தத்தில் கசியும். உங்கள் ரத்த டெஸ்ட் பற்றிக் கேட்டதற்கு அம்மா போனில், "எல்லாம் நார்மல்டி, நார்மல்தான், நார்மல்" என்றாள். நார்மல் என்றால் ஒருமுறை சொன்னால் போதாதா? போனையும் உங்களிடம் தரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ரிப்போர்ட்டில் ட்ரோபோனினுக்கு நேரே உள்ள எண்ணை நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்கள் பழைய ஸ்வெட்டரையும் அனுப்புங்கள், இங்கே குளிர்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். அந்த எண்ணை மட்டும் மறைக்காதீர்கள் அப்பா. நாள் முழுக்க இங்கே எனக்குத் துணை அந்தப் புரதம்தான்.

உங்கள் மகள்