மூன்றாம் மாடி வகுப்பின் கடைசிப் பெஞ்சு

அனுப்புநர்:
மூன்றாம் மாடித் துப்புரவுப் பணியாளர்
(பாட்டியம்மா என்று கேட்டால் காட்டுவார்கள்),
பல்கலைக்கழகப் பழைய கட்டடம்.

பெறுநர்:
பதிவாளர் அம்மா அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: புதன்கிழமை வகுப்பில் உட்காரக் கூடாதென்று என்னை எழுப்பிவிட்டது – அனுமதி கோருதல்.

மதிப்புக்குரிய அம்மா,

1. பத்தொன்பது வருடமாக இங்கே பெருக்குகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

2. கணக்கு வாத்தியார், தாவரவியல் டீச்சர், வரலாற்று சார் மூவரும் தாங்கள் பாடம் நடத்தும் விதத்தைத் தாங்களே சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒருவர் வகுப்பில் மற்ற இருவர் மாணவர்போல உட்கார்ந்து, புரியாத இடத்தில் சிவப்புச் சீட்டைத் தூக்க வேண்டும். முதல் ஒரு மாதம் ஒரு சீட்டும் மேலே வரவில்லை. எல்லாம் புரிகிறது என்று அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

3. பெஞ்சுக்கு அடியில் பெருக்கியவள் நான். கசக்கிப் போட்ட சிவப்புச் சீட்டு பதினேழு கிடந்தது. அவர்கள் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். மூவரும் தரையைப் பார்த்தார்கள். புரியவில்லை என்று சொல்லப் படித்தவர்களுக்கு வெட்கம். எனக்கு அந்த வெட்கம் கிடையாது என்றேன். அன்றிலிருந்து புதன்தோறும், என் வேலை முடிந்தபின், மூன்று மணிக்கு, மூவரும் பங்கிட்டு நடத்தும் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் என்னை உட்கார்த்தினார்கள்.

4. முதல் நாள் கணக்கு வகுப்பில் பதிமூன்று முறை தூக்கினேன். "எங்க விட்டீங்க பாட்டியம்மா?" என்றார் வாத்தியார். "நீங்க போர்டுப் பக்கம் திரும்பி உங்களுக்கே சொல்லிக்கிட்டீங்களே, அங்கதான்" என்றேன். நான்கு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த புதன், எங்களைப் பார்த்து நின்று சொன்னார்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எண்ணி மாளாத எண்கள் இருக்கின்றனவாம். அன்று மாடியிறங்கும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனையோ படிகள். கால் தரை தொட வெகு நேரமாயிற்று. இலைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டென்று டீச்சர் சொன்ன சாயங்காலம், வீடு போகும்வரை தெரு மரங்கள் எல்லாம் மெல்ல வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

5. போன மாதம் பதினொன்றாம் தேதி கட்டட மேற்பார்வையாளர் உள்ளே வந்து, நாற்பது பிள்ளைகள் முன்னால், "பெருக்க வந்தவங்களுக்குப் பெஞ்சுல என்ன வேலை?" என்று எழுப்பிவிட்டார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜன்னலோரம் மழை பார்த்து நின்றதற்கு என்னிடம் மன்னிப்பு எழுதி வாங்கியவரும் இவரே. மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. ஆசிரியர்கள் மூவரும் போய்க் கேட்டதற்கு, பதிவாளர் உத்தரவு வேண்டும் என்றாராம்.

6. வராந்தாவில் தனியாகச் சொல்லித் தருகிறோம் என்று மூவரும் அழைத்தார்கள். வேண்டாம் என்றேன். நான் தூக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், இரண்டாம் வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் தானாகக் கை தூக்கி, எனக்கும் புரியவில்லை என்றது. பிறகு அதன் பக்கத்தில் இருந்த பெண்ணும். பிறகு பின்னால் நாலு பேர். நான் வெளியே நின்ற இந்த மூன்று புதனும் வாசலில் இருந்து பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் புரிந்ததுபோலத் தலையை ஆட்டுகிறார்கள். அந்தப் பெண்ணும் ஆட்டுகிறது.

ஆகவே பருவம் முடியும்வரை அந்த ஒரு மணி நேரம் என்னை உட்காரவிட்டு உத்தரவு போடவும். நாளை புதன்.

இடம்: மூன்றாம் மாடி
நாள்: ஏழாம் தேதி, செவ்வாய்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
பாட்டியம்மா