நந்தினியிடம் நான் சொல்லாமல் விட்டது

என் தங்கமே நந்தினி,

நீ போய் பத்து மாதம் ஆகிறது. நாச்சாரம் ஃபேக்டரியில் உன் மேஜை இப்போதும் என் சோதனைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் அதை நகர்த்தவில்லை. நகர்த்தவும் நான் விடவில்லை.

நீ எங்கள் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசராக வந்தபோது உனக்கு இருபத்தாறு வயது, எனக்கு ஐம்பத்தேழு. கேஸ் அடுப்பு வால்வுகளைத் தண்ணீரில் முக்கி, காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு மேலே ஒரு சின்னப் பெண்ணா என்று வயிறு எரிந்தது. ‘மேடம், மேடம்’ என்று வேண்டுமென்றே உன்னை அழைத்தேன். நீ என்னை முதல் நாளிலிருந்தே ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாய்.

ஒருநாள் உன் மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாய். உள்ளே ஏசி ரொம்பக் குளிருகிறது என்றாய். நான் நம்பவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“என் பொண்ணு வயசுதான் உனக்கு. என்னை வேவு பாக்கவா வந்து உக்காந்திருக்க?”

நீ டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாய்.

அன்று சாயங்காலம்தான் பேக்கிங்கில் இருக்கும் யாதம்மா என்னிடம் தெலுங்கில் சொன்னாள், நான் பாஸ் பண்ணி அனுப்பும் வால்வுகளை நீ தினமும் மறுபடி முக்கிப் பார்க்கிறாய் என்று. கேட்டில் உன் ஸ்கூட்டியை மறித்தேன்.

“எத்தனை விட்டேன்?”

“பதினொண்ணு ஆன்ட்டி. எல்லாத்தையும் நான் புடிச்சுட்டேன். ஒண்ணும் வெளிய போகல. உங்களுக்குக் கண்ணு சரியா தெரியல. ஹவ் நா, சரிதானே?”

மறைக்க முடியவில்லை. ஒரு வருஷமாகவே சின்னக் குமிழிகள் எனக்குத் தெரியவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம்.

“மேல ஏன் சொல்லல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாளைக்கு லீவு போட்டு டாக்டர்ட்ட போங்க. போகலைன்னா நானே மேல சொல்லிடுவேன். கேஸு ஆன்ட்டி, யாரோட வீடோ.”

அந்த ராத்திரி முழுக்க உன்னைத் திட்டினேன். காலையில் போனேன். கண்புரை. ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்தபோது நீதான் மெட்டுகுடாவில் என் வீட்டுக்கு வந்து, என் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாய். அப்புறம் ஒரு வருஷம் நாம் வேலை செய்தது, வேலை மாதிரியா இருந்தது? வால்வின் திருகு மரை சரியில்லை என்று என் விரல் சொன்னால் நீ நம்பினாய். கம்ப்யூட்டரில் நீ காட்டும் கோடுகளை நானும் நம்பக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் உன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தார்நாக்கா வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வருவேன்.

மழைக்காலத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை. நீ தாளை நீட்டியபோது உன் கை என் கைமேல் பட்டது. கொதித்தது. கண் சிவந்திருந்தது. வீட்டுக்குப் போடி என்று நாக்கு நுனி வரை வந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். நீ அதிகாரி, நான் தொட்டியடியில் நிற்கிறவள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் பிடிக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“மாத்திரை போட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

“போட்டேன் ஆன்ட்டி. டென்ஷன் நக்கோ, வேணாம். வெள்ளிக்கிழமை லோடு போயிடட்டும், அப்புறம் தூங்கறேன்.”

வெள்ளிக்கிழமை லோடை முடித்தாய். சனிக்கிழமை மயங்கி விழுந்தாய். டெங்கு என்றார்கள். திங்கள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. லோடை ஏற்ற வேண்டிய அந்த லாரி, நந்தினி, திங்கள்கிழமைதான் வந்தது. நீ ஓடி ஓடி முடித்த பெட்டிகள் மூன்று நாள் சும்மா கிடந்தன.

பதினொரு வால்வுக்காக என் கோபத்தையும் பொறுத்துக்கொண்டு நீ என்னிடம் பேசினாய். உனக்காக நான் ஏன் பேசவில்லை?

இப்போது உன் இடத்தில் ஸ்ராவணி என்று ஒரு பெண். உன்னைவிடச் சின்னவள். போன வாரம் காய்ச்சலோடு வந்தாள். போ என்றேன், போகவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லி அனுப்பி வைத்தேன். திரும்பி வந்தவள், எல்லார் முன்னாலும் தன்னை நோயாளியாக்கிவிட்டேன் என்று என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கட்டும். உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. பதினாறாம் நாள் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்க அத்தன பேர் இருந்தாங்களே, இவளுக்கு உடம்பு முடியலன்னு ஒருத்தருமா பாக்கல?” என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவள் தெருப்பக்கமே போகவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நான் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை என்று சொல்லப் போகிறேன். கதவைச் சாத்தினாலும் சரி, சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் பெரிய சினேகிதி,
வசந்தா ஆன்ட்டி