சுன்னத்தைத் தள்ளிவைத்தோம்

செவ்வாய்க்கிழமை, இரவு

வெள்ளிக்கிழமை தம்பி மகனுக்குச் சுன்னத்து என்று முடிவாகியிருந்தது. தம்பியின் மாமியார் பாராடாங் தீவிலிருந்து இன்றே வந்துவிட்டார். சாப்பிடும்போது தம்பி மனைவி சபீனா, தொப்புள்கொடி விழுந்த இடத்தில் குழந்தைக்கு நாள் கணக்கில் ரத்தம் கசிந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்று கேட்டேன்.

“அரே லாத்தா, நம்ம பரம்பரையில யாருக்கும் கிடையாது. டென்ஷன் மத் லோ” என்று அக்காவான எனக்கே தைரியம் சொன்னான் தம்பி.

“உன்னைக் கேக்கலடா. அது பெரும்பாலும் தாய்வழியா வரும்.”

மாமியார் தட்டிலிருந்து தலை தூக்காமல், “என் தம்பிக்குப் பல்லு புடுங்கினப்ப ராத்திரி முழுக்க ரத்தம் நிக்கல” என்றார்.

தம்பி எழுந்து போய்ப் பிரியாணிக்காரருக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றான்.

காலையில் குழந்தையை ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். கோளாறு இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சுன்னத்து செய்யலாம். கோளாறு இருந்தாலும், முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்களுக்கு வழி உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். “எம் பொண்ணைக் குத்தம் சொல்லுவாங்களோம்மா?”

“சொல்றவங்க என்கிட்ட வந்து சொல்லட்டும்” என்றேன்.

தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.